கியர் வழுக்குது, பாய்!

"ஆட்டோமேட்டிக் வண்டி, பாய். ஆக்ஸிலேட்டர மிதிச்சா இன்ஜின் கத்துது, வண்டி போவ மாட்டேங்குது. கியர் வழுக்குது!" என்றான் ராபர்ட்.

திருப்பாதிரிப்புலியூர் மெக்கானிக் நவ்ஷாத் கியர் ஆயிலைப் பார்த்தார். குறையவும் இல்லை, கருகவும் இல்லை.

"அப்ப உள்ள கிளட்ச் பிளேட்டு தேஞ்சிருக்கும். எப்பெப்ப வழுக்குது?"

"அதான் புரியல. நான் தனியா சிதம்பரம் போனா நூறுல பறக்குது. பிரிசில்லா பக்கத்துல உக்காந்தா வழுக்குது."

"தங்கச்சி வெயிட்டு ஜாஸ்தியோ?"

அருகில் நின்ற ராபர்ட்டின் மனைவி பிரிசில்லா இருவரையும் முறைத்தாள்.

"எதுக்கும் கியர்பாக்ஸ எறக்கிப் பாத்துருவோம்" என்று நவ்ஷாத் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

இனி மறைத்துப் பயனில்லை. பிரிசில்லா முன்பக்கக் கதவைத் திறந்து, தான் உட்காரும் சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் கிடந்த பெரிய கைப்பையை நகர்த்தினாள். அதன் பின்னால் இன்னொரு பிரேக் பெடல் இருந்தது.

ராபர்ட் வாயைப் பிளந்தான்.

"டிரைவிங் ஸ்கூல்காரங்ககிட்ட வாங்குன வண்டி, பாய். இத அவுங்க கழட்டாமயே குடுத்துட்டாங்க. இவரு எண்பதத் தாண்டுனா நான்தான் மிதிப்பேன். கியர்ல கை வைக்காதீங்க. முடிஞ்சா எம்பக்கம் ஒரு ஹாரனும் வச்சுக் குடுங்க."