நீடித்து உழைக்கும்

“இதைவிட மட்டமா ஏதாவது மெஷின் இருக்கா, தம்பி?”

விற்பனையாளன் ஒரு நொடி திகைத்துப்போனான். மலிவாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் தினமும் வருவார்கள். மட்டமாக இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்ட மனிதரை இன்றுதான் பார்க்கிறான்.

எதிரே கணவனும் மனைவியுமாக நின்றிருந்தார்கள். அவர் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். கடையிலேயே உறுதியான ஜெராக்ஸ் மெஷினைக் காட்டி, அதன் அருமை பெருமைகளை அவன் மூச்சு விடாமல் சொல்லி முடித்ததற்குத்தான் இந்தப் பதில்.

அவனுக்குக் கடையில் ‘வாரண்டி’ என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும். பாவம், அவன் வேலைக்குத்தான் எந்த வாரண்டியும் இல்லை. மாதம் முடியப்போகிறது, ஒரு மெஷின்கூட நகரவில்லை. “இன்னிக்கு ஒண்ணாவது போகலேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்” என்று மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

போன வேலை போனபோது அவன் மனைவி திட்டவில்லை, சண்டை போடவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அதை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை.

“மட்டமானது எதுக்கு சார்? என்ன ஆபீஸ்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி காட்டுறேன்.”

“சின்ன ஆபீஸ்தான். வீட்டு முன்ரூம்லயே ரெண்டு மேஜை போட்டிருக்கோம். நோட்டீஸ் வேலை” என்றார் அவர்.

“அடடே, நோட்டீஸா! அப்ப கலர் மெஷின் எடுத்துக்குங்க. ஜனங்க கண்ணுல பளிச்சுனு படும்.”

“வேண்டாம் தம்பி” என்று அந்த அம்மா குறுக்கிட்டார். “ஏற்கெனவே கலர்ல போட்டோம். வெயில்ல நாலே நாள்ல வெளுத்துப்போச்சு. கறுப்பு வெள்ளையே போதும்.”

விவரமான ஆட்கள்தான்! வாரண்டி அவர்களை அடுத்த மெஷினிடம் கூட்டிப்போனான். “சோதிச்சுப் பார்க்க ஏதாவது காகிதம் வெச்சிருக்கீங்களாம்மா?”

உறையிலிருந்து வந்தது காகிதமல்ல, போட்டோ. இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். டியூஷன் சென்டர் விளம்பரமாக இருக்கும், நல்ல களையான முகமாகத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

போட்டோவைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, மூடியைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அழுத்தினான். வெளியே வந்த முகம் கரி பூசினாற்போல் இருந்தது.

“ஐயோ!” என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“பதறாதீங்கம்மா! இது எழுத்துக்கான செட்டிங். போட்டோவுக்கு மாத்தி, கறுப்பைக் கொஞ்சம் குறைச்சா சரியாயிடும்.”

இரண்டாவது காப்பியைக் கணவர் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “மோவாயில மச்சம் தெரியலையே, தம்பி.”

இன்னும் ஒரு புள்ளி குறைத்து மறுபடி எடுத்தான். “இப்ப தெரியுது! என்னங்க, இங்க வந்து பாருங்க, மச்சம் நல்லாத் தெரியுது” என்று அந்த அம்மா கணவரைக் கூப்பிட்டார்.

அவர் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

வாரண்டிக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடுகளவு மச்சத்துக்கு இத்தனை அமர்க்களமா! போகட்டும், வியாபாரம் படிந்துவிட்டது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்கு ஃபோன் போட்டு, ‘வேலை தப்பிச்சுதுடி’ என்று சொல்ல அவன் மனசு பறந்தது.

“இதையே பில் போட்டுடட்டுமா, சார்?”

“இது எத்தனை நாளைக்கு உழைக்கும்?” என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நாள்கணக்கா? வருஷக்கணக்குல கேளுங்கம்மா! அஞ்சு வருஷத்துக்கு நாங்களே வாரண்டி தர்றோம்.”

“அவ்வளவெல்லாம் வேண்டாமே. ஒரு மாசம், ரெண்டு மாசம் வந்தாப் போதும். யாராவது உபயோகிச்சு விட்ட பழசு இருந்தாக்கூடக் குடுங்க.”

“பழசெல்லாம் நாங்க விக்கிறதில்லையேம்மா.”

“வாடகைக்கு?”

“அதுவும் இல்ல.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்ப வர்றோம், தம்பி” என்று அவர் போட்டோவை எடுத்து உறைக்குள் வைத்தார். விலையை அவர்கள் இன்னும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் வாரண்டிக்கு உறைத்தது. ஆக, கஞ்சத்தனம் இல்லை, பயம். புதிதாகத் தொடங்கிய தொழில் ஓடுமோ படுத்துவிடுமோ என்ற பயம்.

தெரிந்த வித்தையெல்லாம் காட்டிவிட வேண்டியதுதான் என்று அவன் வழிமறித்து நின்றான்.

“அம்மா, ஒரு நிமிஷம். புதுசா ஆபீஸ் போடறவங்க எல்லாருக்கும் இந்த பயம் வர்றதுதான். என்னை உங்க பிள்ளையா நினைச்சுக்குங்க, மனசார வாழ்த்திச் சொல்றேன். இந்த வேலை ரெண்டு மாசத்துல எல்லாம் முடியாது. பத்து வருஷம் ஆனாலும் நீங்க ரெண்டு பேரும் அதே ரூம்ல உட்கார்ந்து, இதே பாப்பா படத்தைத்தான் காப்பி போட்டுக்கிட்டு இருப்பீங்க!”

அவர் மெஷினைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா அழக்கூட இல்லை. வாரண்டியின் கையைப் பற்றிக்கொண்டு, பதில் தெரிந்தவனிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“அப்போ பத்து வருஷம் ஆனாலும் எங்க பாப்பா கிடைக்க மாட்டாளா, தம்பி?”