ஜோடிக் கிண்ணம்

“அண்ணே, அந்தப் பையைத் திற!”

கிளம்புவதற்காகச் செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்த அண்ணன், தங்கை போட்ட அதட்டலில் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் சும்மா அதட்டவில்லை. கணவர் அடுப்படியில் காபி கலக்கப் போன நேரம், இதே அண்ணன் கண்ணாடி அலமாரிக்குள் கையை விட்டதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள்.

அந்த அலமாரியில் இருப்பது கணவரின் உயிர். பழைய சீனத்து வெள்ளைக் கிண்ணம், உள்ளே செதுக்கிய தாமரை. அதன் ஜோடி அண்ணன் வீட்டில். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரே ஏலத்தில் ஆளுக்கொன்றாக எடுத்தார்கள். அன்று பிடித்தது சண்டை.

“மச்சான், உங்களுதைக் குடுத்துடுங்க.”

“நீங்க குடுங்க மாப்பிள்ளை.”

கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, எங்கே பார்த்தாலும் இதே பாட்டுதான். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் அண்ணன் திருடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

“திறன்னு சொன்னேன்ல?”

திறந்தார். உள்ளே ஒரு துண்டு மூட்டை. அதுவும் அவள் வீட்டுத் துண்டு! பிரித்தால், கிண்ணம்.

“என்கிட்ட சொல்லியிருந்தா நானே சண்டை போட்டு வாங்கிக் குடுத்திருப்பேனே. கூடப் பிறந்தவன் செய்யற வேலையா இது?” அவளுக்கு அழுகை முட்டியது.

“சத்தியமா இது எப்படி வந்துச்சுன்னே தெரியலம்மா!”

சத்தம் கேட்டு ஓடி வந்த கணவர் திருட்டு முழி முழித்தார்.

“மச்சானைத் திட்டாதே. அவர் கை கழுவப் போனப்ப நான்தான் பையில வெச்சேன். நேரா குடுத்தா வாங்க மாட்டாரு. ஜோடி அவர் வீட்டுலயாவது சேரட்டுமேன்னு...”

அவள் திரும்பிப் பார்த்தாள். அலமாரிக் கண்ணாடிக்குள்ளும் ஒரு கிண்ணம்! அப்படியானால் அது?

ஓடிப்போய் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கணவரின் கிண்ணத்தில் தாமரைத் தண்டு இடப்பக்கம் வளையும். இதில் வலப்பக்கம்!

அண்ணன் தலையைச் சொறிந்தார். “நானும் அதே நினைப்புலதாம்மா கோட்டுக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்தேன். அலமாரி காலியா இருந்துச்சு. மாப்பிள்ளை கழுவ எடுத்திருப்பாருன்னு நினைச்சு, என்னுதை வெச்சுட்டேன்.”

அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மன்னிப்புக் கேட்க அண்ணன் கையைப் பிடித்தாள். அவர் எங்கே கவனித்தார்? அதற்குள் பதினோரு வருஷச் சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

“ரெண்டையும் நீங்களே வெச்சுக்குங்க மச்சான்!”

“முடியவே முடியாது மாப்பிள்ளை, நீங்கதான் வெச்சுக்கணும்!”