எச்சரிக்கைப் பெட்டிகள்

அந்த நடுக்கடல் குடியிருப்பில் டாக்டர் கிடையாது. மருத்துவ மின்னூலை வாசித்து, அதன்படியே பிரசவம் பார்க்கும் இயந்திரக் கைகள் இருந்தன. காலையில் அங்கிருந்து நர்ஸ் ரெஜினா, நூலின் பக்கங்களை வடிவமைத்த செண்பகவல்லிக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பொம்மைய வச்சு ஒத்திகை பாத்தேன். கழுத்துல சுத்துன தொப்புள்கொடிய எடுக்காமலே இந்த மெஷின் கை குழந்தைய இழுக்குது. இங்க ஒரு பொண்ணுக்கு வலி வந்துருச்சு!"

செண்பகவல்லி மின்னூலைத் திறந்தாள். அச்சுப் பக்கத்தின் ஓரப் பெட்டிகளில் இருந்த எச்சரிக்கைகள் எல்லாம், மின்னூலாக மாறும்போது அத்தியாயத்தின் கடைசிக்குப் போயிருந்தன; வரிசையாகப் படித்துச் செய்யும் கைகள், குழந்தையை இழுத்த பிறகுதான் அவற்றுக்கு வரும். பெட்டிகளை வரிகளோடு பிணைக்காமல் விட்டது அவள்தான்.

பிரசவ அத்தியாயத்தில் பத்தொன்பது பெட்டிகள். ஒவ்வொன்றையும் உரிய வரியோடு பிணைத்தாள். மறுபடி மின்னூலாக்கி, வரிசையை வாய்விட்டுப் படித்துப் பார்த்து அனுப்பினாள்.

"போனை வைக்காதீங்கக்கா," என்றாள் ரெஜினா.

நாற்பது நிமிடம் கழித்து அவள் கத்தினாள். "கொடி ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு! மொத வேலையா அதைத்தான் எடுத்துச்சுக்கா!"

பின்னாலேயே குழந்தை வீரிட்டது. செண்பகவல்லி எழுந்து நின்று, அலுவலகமே கேட்கும்படி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.