கிலுகிலுப்பை

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைமை ஆசிரியை அறைக்குள்ளிருந்து இப்படி ஒரு சத்தம் வந்து எவ்வளவோ காலமாயிற்று. வராந்தாவில் போன பியூன், யாருக்கு என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எதிரே செண்பகவல்லியும் ஜெசிந்தாவும். மேசைமேல் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன்.

மூவரும் இதே பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அவர்கள் இருவரும் கல்யாணம் கட்டிக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் கன்னியாஸ்திரியாகி, ஊரெல்லாம் சுற்றி, போன ஜூனில் இங்கேயே தலைமை ஆசிரியையாக வந்து சேர்ந்திருந்தாள்.

உள்ளே வந்ததும் இருவரும் மரியாதையாக "சிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது மக்ரூனில் அது "ஏட்டி" ஆகிவிட்டது.

பேச்சில் முதலில் சூசை சார் வந்தார். நின்றுகொண்டே தூங்குகிறவர். விழித்ததும் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்வார். ஒரு நாள் விழித்து, "ஆகவே" என்றார். அதற்கு முன்னால் அன்று அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

அடுத்து ரோசம்மாள் டீச்சர். அறுத்துக் காட்டக் கொண்டுவந்த தவளை துள்ளி ஓடியதும் நாற்காலிமேல் ஏறி நின்று அந்தோணியாரைக் கூப்பிட்டவர். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதராயிற்றே. தவளையும் உடனே கிடைத்தது. டீச்சரின் குடைக்குள்.

அதற்குப் பிறகு கிலுகிலுப்பை.

பேரைச் சொன்னதுமே மூவரும் சிரித்துச் சாய்ந்துவிட்டார்கள்.

அப்போதைய தலைமை ஆசிரியை சிஸ்டர் யூஜினுக்கு அவர்கள் வைத்த பேர் அது. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. ஆளுக்கு முன்னால் சத்தம் வரும். வராந்தாக் கோடியில் கிலுகிலு என்றதும், கதவோரத்துச் செண்பகவல்லி எழுந்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஆரம்பித்துவிடுவாள். சிவன் கோயில் தெருப் பெண். ஆனால் அந்த ஜெபத்தை அவளைப்போலப் பிசகாமல் சொல்ல வகுப்பில் ஆள் கிடையாது. வாய்க்குள் மாங்காயை ஒதுக்கிக்கொண்டு மொத்த வகுப்பும் கண்ணை மூடும். சிஸ்டர் வாசலில் நிற்பார். ஆமென் வரைக்கும் காத்திருப்பார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"பிஷப் ஆண்டவர் வந்தப்ப அவர்ட்ட சிஸ்டர் என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்காட்டி?" என்றாள் ஜெசிந்தா. "'எப்பப் போனாலும் இந்தப் பிள்ளைங்க ஜெபத்துலதான் இருக்கும், ஆண்டவரே'ன்னாங்க!"

செண்பகவல்லிக்குப் புரையேறியது. தலைமை ஆசிரியையே எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

சிரிப்போடு சிரிப்பாக, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள். ஜெசிந்தாவின் கடைக்குட்டி இங்கேதான் ஒன்பதாம் வகுப்பு.

"எனக்கு என்ன பேரு வச்சிருக்காளுவ?"

ஜெசிந்தா நிதானமாக மென்று முடித்தாள்.

"ஒனக்கா? பேரெல்லாம் ஒண்ணும் இல்லட்டி. எச்.எம். சிஸ்டர்னுதான் எம்மவ சொல்லுதா. நீ எப்ப வருவ, எப்பப் போவன்னே தெரியாதாம். அம்புட்டுப் பயம்."

பாராட்டாகத்தான் சொன்னாள்.

அவளுக்குச் சுருக்கென்றது.

இவ்வளவு நேரம் பேசியதில் பட்டப்பேரோ கதையோ இல்லாத டீச்சர் ஒருவர்கூட வரவில்லை. அப்படி எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். யாருக்கு ஞாபகம்? நாளைக்கு இந்தப் பிள்ளைகளும் வளர்ந்து எங்காவது உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அதில் அவள் இருக்க மாட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிவரைக்கும் புரியல" என்றாள் செண்பகவல்லி. "கிலுகிலுப்பை மாதா கோயிலுக்குள்ள வரும்போது மட்டும் அந்தச் சாவி சத்தமே போடாது. அதெப்படிட்டி?"

"மாதா கிருபை" என்றாள் ஜெசிந்தா.

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவள் சேர்ந்துகொள்ளவில்லை. கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

இப்போது அங்கே தொங்குவதும் அதே சாவிக்கொத்துதான். பொறுப்பேற்ற அன்றே கைக்குட்டையால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். ஓசைப்படாமல் போய்ப் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. பிடித்தாள். நிறையவே பிடித்தாள்.

ஒரு கைக்குட்டை போதும்.

கோயிலில் சாவியை அடக்கத் தெரிந்த சிஸ்டர் யூஜினுக்கு வராந்தாவில் தெரியாமலா போயிருக்கும்?

தோழிகளை வாசல் வரை போய் வழியனுப்பினாள். திரும்பும்போது மாடி வராந்தாவில் ஏறினாள்.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் இல்லை போலிருக்கிறது. கூரை பிய்ந்துவிடும் அளவுக்குக் கூச்சல். நேற்றாக இருந்தால் பூனைபோலப் போய் நின்றிருப்பாள்.

முடிச்சை அவிழ்த்தாள். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள்.

நடந்தாள். கிலுகிலு.

போதாதென்று கையால் வேறு குலுக்கினாள்.

கூச்சல் நின்றது. பெஞ்சுகள் இழுபட்டன. என்னமோ உருண்டு விழுந்தது. பிறகு ஒரு குரல் 'அருள் நிறைந்த மரியே' என்று ஆரம்பித்தது. மொத்த வகுப்பும் சேர்ந்துகொண்டது.

ஜெசிந்தா பெற்ற பிள்ளைக்கு எதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்!

வாசலில் நின்றாள். உள்ளே பார்க்கவில்லை. மாங்காய் வாசம் கமகமவென்று வந்தது. ஆமென் வரைக்கும் காத்திருந்தாள். சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி நடந்தாள்.

நாலு எட்டு வைப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. நடுவே யாரோ ஒருத்தி ஒரு பேரைச் சொன்னாள். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

என்ன பேர் என்று சாவிச் சத்தத்தில் கேட்கவில்லை.

அவள் குலுக்குவதை நிறுத்தவும் இல்லை.