நல்ல அக்கம்பக்கம்

கூடு கட்ட மரம் தேடிய காக்கையம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

"ஆலமரம் பூரா வவ்வால். தலைகீழாத் தொங்கறதுங்களைப் பார்த்து என் பிள்ளைங்க எதைக் கத்துக்கும்? புளியமரத்துல ஆந்தை. ராத்திரி முழுக்க முழிச்சிருக்கிறவன் யோக்கியனா இருப்பானா?" என்று புருஷனிடம் பொரிந்து தள்ளினாள்.

கடைசியில் வேப்பமரம்தான் பிடித்தது. அங்கே குயிலம்மா குடியிருந்தாள். சங்கீதக் குடும்பம், மரியாதையான பேச்சு. காக்கையம்மா அங்கேயே கூடு கட்டி முட்டையிட்டாள்.

"இரை தேடப் போயிட்டு வாங்கக்கா, முட்டைகளை நான் பார்த்துக்கறேன்," என்றாள் குயிலம்மா.

திரும்பி வந்தபோது மரத்தடியில் ஒரு முட்டை உடைந்து கிடந்தது. காக்கையம்மா நேரே ஆலமரத்துக்குப் பறந்தாள். "முட்டையைத் தள்ளிவிட்டுட்டு, பட்டப்பகல்ல ஒண்ணும் தெரியாத மாதிரி தூங்கறீங்களா?" என்று வவ்வால்களைக் கிழிகிழியென்று கிழித்தாள்.

"கூட்டுல முட்டை குறையலையே. ஒண்ணு மட்டும் சின்னதா இருக்கு," என்றான் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

குஞ்சுகள் வளர்ந்தன. ஒருநாள் கடைக்குட்டி வாயைத் திறந்து "கூ" என்று கூவியது. காக்கையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டீங்களா," என்றாள் புருஷனிடம். "அந்த வவ்வாலுங்களோட குடியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?"