துண்டுக்குள் முடிந்த பேரம்

ஏழு ஜில்லா போலீஸ் தேடிய ஆட்டுத் திருடனை, கைவிலங்கோடு, அய்யலூர் சந்தையில், போலீஸ்காரர் கண்ணெதிரே விலை பேசி வாங்கியவள் நான்.

நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். நான் வாங்கிய ஆள் கூடத்தில் உட்கார்ந்து நல்லியெலும்பை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.

பெயர் அழகர்சாமி. என் வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் சிறுமலையில் நின்று அவர் ஒரு விசில் அடித்தால், செம்பட்டி ஆடெல்லாம் கயிற்றைத் தானே அவிழ்த்துக்கொண்டு கிளம்பும். பக்கத்து ஆட்டுக்குத் தெரியாமல் ஆட்டைத் தூக்குவார். போலீஸ் நாயே அவரைப் பார்த்து வாலாட்டியிருக்கிறது, சத்தியம்.

நான் அறிவுச்செல்வி, மூன்றாம் வகுப்பு டீச்சர். போலீஸ் துரத்திய ஒருநாள் என் வகுப்பில் புகுந்து, பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதற்கப்புறம் துரத்தாத நாளிலும் வந்தார்.

இன்று எங்கள் கல்யாண நாள். வருஷா வருஷம் ஒரே விருந்தாளிதான். ரிட்டயர்டு ஏட்டு ஆண்டனிராஜ். அன்று அழகருக்கு விலங்கு மாட்டிய இளவட்டக் கான்ஸ்டபிள் அவர்தான்.

கறியைத் தின்பார். கதையை மறுப்பார்.

“அப்படி ஒண்ணும் நடக்கல டீச்சர். அழகரு ஒரு விரலக்கூட அசைக்கல. நான் பக்கத்துலதான இருந்தேன்?”

நடந்தது இதுதான்.

வியாழக்கிழமை, சந்தை நாள். அழகரைத் திண்டுக்கல் கோர்ட்டுக்குக் கொண்டுபோக, பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அழகர் கையும் ஆண்டனிராஜ் கையும் ஒரே விலங்கில். ஊர் பார்க்க வேண்டாமென்று மேலே ஒரு துண்டு. பக்கத்தில், திருட்டுக்குச் சாட்சியாகப் பிடித்த தொண்டி ஆடு. கேஸைப் பற்றிய கவலையே இல்லாமல் புளியங்கொழுந்து தின்றுகொண்டிருந்தது.

சந்தையில் துண்டு மூடிய கை என்றால் விலை பேசுகிற கை. உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அத்தனை. இறுக்கி ஒரு அமுக்கு அமுக்கினால் பேரம் முடிந்தது. முகத்தைப் பார்க்கக் கூடாது, ஆட்டைத்தான் பார்க்க வேண்டும். எங்கப்பா ஆட்டுத் தரகர். எனக்கு ஆனா ஆவன்னாவுக்கு முன்னால் அந்தப் பாஷைதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பூ வைக்க வேடசந்தூரிலிருந்து ஒரு கிளார்க் வீட்டார் வருவதாக இருந்தது. அழகர் காத்திரு என்றால் காத்திருப்பேன். இல்லையென்றால் கிளார்க்குக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். கேட்பதற்கு அந்தச் செத்த நேரம்தான் இருந்தது. நாலாயிரம் பேரும் எட்டாயிரம் ஆடும் பார்க்கிற இடத்தில், ஒரு டீச்சர் திருடனோடு என்ன பேச முடியும்?

நேரே போனேன். ஆடு என்ன விலை என்று கேட்டுத் துண்டுக்குள் கையை விட்டேன்.

சந்தையே மூச்சடங்கியது. எட்டாயிரம் ஆடும்தான். பொம்பளை துண்டுக்குள் கைவிட்டு அன்றுதான் பார்க்கிறார்கள். ஆனாலும் விலை பேசும்போது யாரும் குறுக்கே வரக் கூடாது, அது சந்தை வழக்கம். என்னோடு வந்த அண்ணனே பத்தடி தள்ளி நின்றுதான் கத்தினான்.

“ஏ செல்வி, பல்லப் பாக்காம விலை பேசாத!”

உள்ளே முதலில் ஒரு மூடிய கை தட்டுப்பட்டது. கருங்கல் மாதிரி. போலீஸ் கை வேறெப்படி இருக்கும்? அதை விட்டுவிட்டு அடுத்த கையைப் பிடித்தேன்.

ஆட்டைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரல் பிடித்தேன். இரண்டு வருஷம் காத்திருக்கவா?

கை சும்மா இருந்தது. பிறகு மெதுவாக என் மூன்று விரலைப் பிடித்தது.

நான் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தேன். ஐந்தானாலும் இருப்பேன். சரியா?

பஸ் வந்துவிட்டது. ஆட்டுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டர் சண்டைக்கு நின்றான். அந்தக் கை வியர்த்தது. அப்புறம் அமுக்கியது பாருங்கள், என் கையெலும்பு அத்தனையும் நொறுங்கி, சத்தம் திண்டுக்கல் மலைக்கோட்டை வரை கேட்டது.

கிளார்க் வீட்டாருக்கு மாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். மூன்று வருஷம் கழித்து, ஜெயிலிலிருந்து நேரே பள்ளிக்கூட வாசலில் அழகர் வந்து நின்றார். “நீ இன்னுமா இருக்க?” என்றார், பேயைப் பார்த்த மாதிரி. ஆம்பளைக்கு வெட்கம் வந்தால் இப்படித்தான் உளறுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சொல்கிற பொய்யையெல்லாம் நம்புகிற தெரு, இந்த ஒரு நிஜத்தை மட்டும் நம்பாது. இருக்கிறதே ஒரு சாட்சி, இந்த ஏட்டய்யா. அவருக்கும் வாய் வராது.

சாப்பிட்டு முடித்து அழகர் கைகழுவக் கொல்லைக்குப் போனார். நான் விளையாட்டை விட்டுவிட்டுக் கேட்டேன்.

“ஏட்டய்யா, இனிமே உங்க பென்ஷனையா பிடுங்கப் போறாக? அந்த ஒரு அமுக்கு இல்லேன்னா நான் இந்த வீட்டுலயே இல்ல. எனக்காக ஒரே ஒரு தடவ, நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

ஆண்டனிராஜ் கொல்லைப் பக்கம் பார்த்தார். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“நடந்துச்சு டீச்சர்” என்றார், குரலைத் தாழ்த்தி. “அழகரு கைய மூடிக்கிட்டான். தொறக்கவே இல்ல. நீங்க ஆட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு மனசு கேக்கல. நான் அமுக்கிட்டேன்.”