ஜப்பானியர் குடியிருந்த வீடு

"தஞ்சோங் தோக்கோங்ல இன்னொரு கொண்டோ இருக்குதானே சார், அதோட வாடகையை எங்க காட்டியிருக்கீங்க?"

வரிக்கணக்குப் பார்க்கும் லோகேஸ்வரி இப்படிக் கேட்டதும் யுகேந்திரனின் கால் ஆட்டம் நின்றது.

பர்மா ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி பிரமிளா.

யுகேந்திரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொது மேலாளர். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் தன் கையிலிருந்து ஒரு சென்கூடப் போகக்கூடாது என்பதில் குறியாக இருப்பார். கல்யாண விருந்துகளில் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார்.

அந்த அடுக்குமாடிக் கொண்டோ வீட்டில் ஒரு ஜப்பானிய இஞ்சினியர் குடியிருக்கிறார், வாடகை நேராக வங்கிக் கடனுக்குப் போய்விடுகிறது. மூன்று வருடமாகப் பிரமிளாவிடம் அப்படித்தான் சொல்லிவந்தார்.

லோகேஸ்வரி மிரட்டவில்லை.

"சம்பளத்துக்குப் பிடிச்சுட்டாங்க, சரி. வாடகைக்கு யாரும் பிடிக்கலையே. மூணு வருஷம் காட்டாம விட்டிருந்தா வரியும் கட்டணும், அபராதமும் கட்டணும். நாமளே முன்னால போய்ச் சொல்லிட்டா கொஞ்சம் குறையும் லா."

கால்குலேட்டரைத் தட்டி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

யுகேந்திரன் எண்ணைப் பார்த்தார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

எதை விட்டால் நட்டம் குறைவு என்று அவர் நிறுத்துப் பார்ப்பது பிரமிளாவுக்குப் புரிந்தது. பாசாரில் மீன் விலை கேட்டு நிற்கும்போதும் இதே முகம்தான்.

"வாடகை வர்றதில்ல மேடம்," என்றார்.

"காலியாவா கிடக்கு?"

"காலி இல்ல. ஒருத்தவங்க இருக்காங்க. நான் காசு வாங்குறதில்ல. ஒரு வெள்ளிகூட வாங்கினதில்ல."



இப்போதாவது தன் பக்கம் திரும்புவார் என்று பிரமிளா காத்திருந்தாள். அவர் மேசை மேல் சாய்ந்தார்.

"அப்ப அபராதம் வராதுதானே?"

"வாங்காத வாடகைக்கு வராது சார்."

யுகேந்திரன் நீளமாக மூச்சு விட்டார். மேலுதட்டு வியர்வையை விரலால் வழித்து, அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். சிரிக்கவும் செய்தார்.

 அவர் முழங்கை தன் மேல் பட்டுவிடாதபடி பிரமிளா நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

யார் அந்த ஒருத்தவங்க என்று அவள் கேட்கவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் அவள் தனியாகப் போய் அந்தக் கதவைத் தட்டியிருந்தாள். திறந்த பெண் பதறவில்லை. என்றாவது ஒருநாள் வருவாள் என்று தெரிந்தவள்போல, "வாங்கக்கா," என்றாள்.

வீட்டுக்கு வந்து லோகேஸ்வரிக்குப் போன் செய்து, இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னவளே பிரமிளாதான்.

அவள் எதிர்பார்த்து வந்தது உண்மையை அல்ல. அவர் கூசாமல் பழைய பொய்யையே சொல்லட்டும், தனக்காக அந்த அபராதத்தைக் கட்டித் தொலைக்கட்டும், அதன்பிறகு எதையும் கேட்காமல் அவரோடு இருந்துவிடலாம் என்றுதான் காலையில் புறப்பட்டு வந்திருந்தாள்.